டேங்கர் கப்பலில் முதல் வேலையா? பேப்பர், பணம், மூக்கு மூன்றிலும் ஏமாறாமல் இருக்க

முதல் டேங்கரில் கால் வைக்க எனக்குப் பதினோரு மாதம் பிடித்தது. அதில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல். பெயரில் ஒரு எழுத்துக் கோளாறு, வரிசை மாற்றி எடுத்த பயிற்சி, ஒரு ஏஜென்ட்டின் வாக்கை நம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நாள்கள். இப்போது சரக்கு பம்புகளைக் கவனிக்கும் பம்ப்மேனாக இருக்கிறேன். விடுமுறைக்குக் குமரி மாவட்டத்தில் ஊருக்கு வந்தால் குளச்சல், முட்டம் பக்கமிருந்து யாராவது ஒரு பையன் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நிற்பான். "அண்ணே, டேங்கருக்குப் போவணும், என்ன செய்யணும்?" திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்து ஜி.பி. ரேட்டிங் (ரேட்டிங் என்றால் ஆபீசர் அல்லாத மாலுமி) படித்தவர்களையும், படிக்கப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது. ஆபீசராகப் போகிறவர்களுக்கும் பாதி பொருந்தும்.

1. முதலில் பெயரைச் சரி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள், நம் மாவட்டத்துப் பையன்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். ஞானஸ்நானப் பதிவில் சவேரியார், பள்ளிச் சான்றிதழில் சேவியர், ஆதாரில் தகப்பன் பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் பின்னால். இனிஷியல் ஒன்றில் ஒற்றை எழுத்தாக நிற்கும், இன்னொன்றில் முழுப் பெயராக விரிந்திருக்கும். ஊரில் எவனும் இதைக் கேட்க மாட்டான். கப்பல் துறையில் எல்லாச் சான்றிதழும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்து கூடுதல். அதைத் திருத்தி, பாஸ்போர்ட்டையும் புதுப்பித்து முடிக்க நாலு மாதம் போயிற்று.

பள்ளிச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரை அதற்கு ஒப்ப மாற்றுங்கள், பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. நேரில் போக வேண்டி வந்தால் திருநெல்வேலி சேவா கேந்திரம் பக்கம். பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா பெயர் மூன்றையும் விண்ணப்பத்தில் விரல் வைத்துப் படியுங்கள். கம்ப்யூட்டர் சென்டர் அக்கா அடித்ததைப் பார்க்காமல் "சப்மிட்" கொடுத்துவிட்டு வந்து பிறகு என்னிடம் அழாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் ஒன்றரை வருடமாவது காலம் மிச்சம் இருக்கட்டும். கப்பல் ஒப்பந்தம் ரேட்டிங்குக்குப் பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பது மாதம். நடுக்கடலில் பாஸ்போர்ட் காலாவதியானால் இறங்கும் துறைமுகத்தில் தலைவலி.

2. பணம் கட்டும் முன் கண்ணைப் பாருங்கள்

டெக் என்கிற மேல்தள வேலைக்கு நிறக்குருடு இருக்கக் கூடாது. சிவப்பு, பச்சை விளக்கைப் பிரித்தறிய முடியாதவனை இரவுக் காவலுக்கு நிறுத்த மாட்டார்கள். இது தெரியாமலே பயிற்சிக்குப் பெருந்தொகை கட்டிவிட்டு, கடைசியில் மருத்துவரிடம் புள்ளிப் படப் புத்தகத்தில் எண் தெரியாமல் விழித்தவனை எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் ஏதாவது ஒரு கண் மருத்துவரிடம் முதலில் பார்த்துவிடுங்கள். ஆகும் செலவு கொஞ்சம்.

அதிகாரபூர்வ மருத்துவச் சான்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். பட்டியல் இயக்குநரக இணையதளத்தில் இருக்கிறது. குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்தது செல்லாது. சான்று இரண்டு வருடம் செல்லும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு ஒரு வருடம்.

3. இண்டோஸ், ஐந்து அடிப்படைப் பயிற்சி, சி.டி.சி.

இண்டோஸ் என்பது உங்கள் கப்பல் வாழ்க்கை முழுவதும் கூட வரும் எண். அது இல்லாமல் எந்தப் பயிற்சிக்கும் இடம் பிடிக்க முடியாது. ஆன்லைனில்தான் விண்ணப்பம்.

அடுத்து ஐந்து அடிப்படைப் பயிற்சிகள்: கடலில் உயிர் தப்புதல், தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும், கப்பல் பாதுகாப்புக் கடமைகள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு வாரம். ஜி.பி. ரேட்டிங் படிப்பிலேயே இவை அடக்கம் என்றால் மறுபடி பணம் கட்டாதீர்கள். முதல் இரண்டுக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்புப் பயிற்சி உண்டு என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகத்தைச் சென்னை, மும்பை, கொல்கத்தா கப்பல் அலுவலகங்கள் தருகின்றன. பத்து வருடம் செல்லும். இதிலும் ஒரு பொறி உண்டு. "ஐந்து கோர்ஸும் சி.டி.சி.யும் முடித்துத் தருகிறோம், கப்பல் ரெடி" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகம் கையில் இருப்பதாலேயே எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. முறையான ஜி.பி. ரேட்டிங் படிப்பு இல்லாமல் இதை மட்டும் வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன.

4. டேங்கர் பயிற்சி: எது, எப்போது

எண்ணெய், ரசாயன டேங்கர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அடிப்படைப் பயிற்சி. ஏறக்குறைய ஒரு வாரம். எரிவாயுக் கப்பலுக்கு அடிப்படைப் பயிற்சி தனி. "டேங்கர் கோர்ஸ்" என்று மொட்டையாகக் கேட்டுப் பணம் கட்டிவிட்டு, எரிவாயுப் பயிற்சியில் போய் உட்கார்ந்தவன் ஒருவன் என் அறையில் தங்கியிருந்தான். ரசீதில் பயிற்சியின் முழுப் பெயரையும் பாருங்கள். நிறுவனம் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும், அதே பயிற்சிக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு.

பயிற்சிச் சான்றிதழோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அதை வைத்து டி.சி.இ. என்று கப்பல்காரர்கள் சொல்லும் அபாயச் சரக்குச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றுக்குமான சர்வதேச விதியான எஸ்.டி.சி.டபிள்யூ.படி சரக்கு வேலையில் கை வைக்கும் ஆபீசரும் சரி, ரேட்டிங்கும் சரி, அடிப்படைச் சான்று இல்லாமல் டேங்கரில் நிற்க முடியாது. நான் பயிற்சி முடித்த கையோடு ஊருக்கு ரயில் ஏறிவிட்டேன். கம்பெனி "டி.சி.இ. எங்கே?" என்று கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. அந்தக் கப்பல் போயிற்று.

செலவு: கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மூன்று இடத்தில் விசாரியுங்கள். கட்டணத்தை மட்டும் கணக்குப் போட்டுக் கிளம்பாதீர்கள். நாகர்கோவிலில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்னை, அது சரி. அங்கே அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, பயிற்சி மையத்துக்குப் போய்வர ஆட்டோ, பஸ், நகல் எடுக்கிற செலவு எல்லாம் சேர்ந்து எனக்குக் கட்டணத்தை எட்டிப் பிடித்தது. ஐந்து அடிப்படைப் பயிற்சியையும் டேங்கர் பயிற்சியையும் அடுத்தடுத்த தேதிகளில் பிடித்தால் ஒரு பயணமும் ஒரு அறை வாடகையும் மிச்சம். நான் மூன்று தடவை போய்வந்தேன்.

5. வேலைக்காக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் நம் நாட்டு 2016 ஆள்சேர்ப்பு விதிகளும் இதில் ஒரே பேச்சு. வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சி.டி.சி., சட்டப்படியான மருத்துவச் சான்று இவற்றின் செலவு உங்களுடையது. விசா செலவு கப்பல் முதலாளியுடையது. அதையும் உங்கள் தலையில் கட்டினால் சந்தேகப்படுங்கள்.

ஆள் எடுப்பவரிடம் ஆர்.பி.எஸ்.எல். என்கிற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், கேட்டதோடு விடாமல் இயக்குநரகத் தளத்தில் தட்டிப் பாருங்கள். உரிமம் காலாவதியாகி இருக்கலாம், இடைநிறுத்தத்தில் இருக்கலாம். வேறு கம்பெனியின் எண்ணைத் தன் எண்ணாகக் காட்டுகிறவர்களும் உண்டு.

சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்கு அனுப்புகிறேன், அங்கே சின்ன டேங்கரில் ஏறிக்கொள்ளலாம் என்றால் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள். கள்ள டீசல் கடத்தும் சிறு டேங்கர்களில் சிக்குவது பெரும்பாலும் ஒன்றும் தெரியாமல் ஏறிய மாலுமிதான். கப்பலைப் பிடித்தால் முதலாளி கரையில் இருப்பான், நீங்கள் சிறையில். சரக்கு என்ன, எந்தக் கொடி, முதலாளி யார், காப்பீடு யாருடையது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும், அம்மாவின் துணிகளுக்கு அடியிலாவது.

6. பையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் பல கம்பெனிகள் டிக்கெட் போடாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடுவதில்லை. துறைமுகச் சுகாதார அலுவலகம் போன்ற குறிப்பிட்ட மையங்களில்தான், அதுவும் சில நாள்களில் மட்டும். அதனால் "நாளைக்கு ஃப்ளைட்" என்று ஃபோன் வரும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் என்றால் மாலுமி விசாவுக்குச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் உண்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம்.

பருத்தித் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். லைட்டர் வேண்டாம். தண்ணீர் கொதிக்க வைக்கும் கம்பி ஹீட்டர் வேண்டாம். அறையில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிற பழக்கமும், சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துகிற பழக்கமும் டேங்கரில் நடக்காது. படம் இருக்கட்டும், நெருப்பு வேண்டாம்.

தாடி? மூச்சுக்கருவி முகமூடி முகத்தோடு இறுக்கமாக ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் வாயு கசியும். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் அதற்கேற்ப விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. சரக்கு ஏறும் ராத்திரி

கப்பலில் ஏறிய முதல் இரண்டு நாளில் தெரிந்துகொள்ள வேண்டியது: அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே, தப்பிக்க உதவும் மூச்சுக்கருவி எங்கே, கண் கழுவும் குழாய் எங்கே, புகைக்க அனுமதித்த அறை எது. இருட்டிலும் போய்ப் பாருங்கள்.

கரையோடு குழாய் பூட்டும் இடம் மெனிஃபோல்ட். முதல் தடவை எனக்குக் கொடுத்த வேலை போல்ட் மாட்டுவது. பதினாறில் ஒரு துளைக்கு போல்ட் சரியாக நுழையவில்லை. விட்டுவிடலாம் என்று பார்த்தேன். டெக் மாலுமிகளின் தலைவரான போசன் பின்னால் நின்று, "பதினாறு துளை போட்டவன் கிறுக்கனா?" என்றார். கழற்றி, கசியாமல் இருக்க இடையில் வைக்கும் வளையமான கேஸ்கெட்டை மாற்றி வைத்து, எல்லாவற்றையும் எதிரெதிராக இறுக்கினோம். பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இறுக்கினால் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் பிளக்கும்.

டெக்கின் ஓரத்தில் தண்ணீர் வடியும் துளைகளுக்கு ஸ்கப்பர் என்று பெயர். சரக்கு வேலை தொடங்கும் முன் எல்லாவற்றிலும் அடைப்பு இருக்க வேண்டும். மழை பெய்தால் தேங்கும் தண்ணீரை எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்துத்தான் வடிக்க வேண்டும், வடித்ததும் உடனே அடைக்க வேண்டும். அடைக்க மறந்துவிட்டு டீ குடிக்கப் போவதுதான் பழைய கதை. ஒரு வாளி எண்ணெய் கடலில் விழுந்தாலும் கேப்டனிலிருந்து கம்பெனி வரைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஏற்றம் மெதுவாகத் தொடங்கும். நிலைமின்சாரம் சேரும் சரக்குகளுக்கு ஆரம்பத்தில் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம்தான். அந்த நேரத்தில் உங்கள் வேலை, சரக்கு போக வேண்டிய டேங்குக்குத்தான் போகிறதா, வேறெங்கும் கசிகிறதா என்று பார்ப்பது. அப்படிப்பட்ட சரக்கில், ஏற்றம் முடிந்து முப்பது நிமிடம் ஆவதற்குள் அளவுகோலையோ மாதிரிக் குப்பியையோ டேங்குக்குள் இறக்கக் கூடாது, அடிவரை போகும் அளவுக் குழாய் இருந்தால் தவிர. அவசரப்பட்டு இறக்கினால் ஒரு பொறி போதும்.

டேங்க் நிறையும் நேரம்தான் நெஞ்சு படபடக்கும். மேலிருந்து திரவம் வரையுள்ள இடைவெளியை அல்லேஜ் என்போம். 98 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. ஒன்றை மூடும் முன் அடுத்த டேங்கின் வால்வு திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டால் கரை பம்பின் அழுத்தம் முழுக்கக் குழாய் மேல் விழும், குழாய் வெடிக்கும். ரேடியோவில் கேட்டது புரியவில்லையென்றால் "யெஸ் சார்" சொல்லாதீர்கள். திருப்பிக் கேளுங்கள். இந்தப் பழக்கம் நம்மவர்களுக்கு ரொம்பக் கடினம், தெரியும்.

தூக்கமும் பாதுகாப்புதான். இருபத்துநாலு மணி நேரத்தில் பத்து மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு விதி. தாளில் ஒன்றும் டெக்கில் இன்னொன்றுமாக ஓடினால், கேப்டனுக்கு அடுத்த நிலையில் சரக்கு வேலையைக் கவனிக்கும் சீஃப் ஆபீசரிடம் சொல்லுங்கள்.

8. மூக்கை நம்பாதீர்கள்

முழுக்க இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வள்ளத்தில் போய் வளர்ந்தவனுக்குக் கடல் பயம் இருக்காது. கப்பலின் மூடிய அறைகளில் அந்தத் தைரியம்தான் ஆளைக் கொல்லும். என் முதல் கப்பலில் போசன் முட்டம் பக்கத்துக்காரர், பல வருடக் கடலோடி. முதல் வாரம் என்னை நங்கூரச் சங்கிலி அறைக்குக் கூட்டிப்போனார். மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். "உள்ள என்ன தெரியுது மக்ளே?" துருப்பிடித்த சங்கிலி, கொஞ்சம் சேறு. வாடைகூட ஈரமண் வாடைதான். "ஒண்ணுமில்ல." மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி இறங்குமுன்னே அலறத் தொடங்கியது. ஆக்சிஜன் 17 சதவீதத்துக்கும் கீழே. துரு ஏறும் இரும்பு மூடிய அறையின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். எண்ணெய் இல்லை, வாயு இல்லை, வெறும் துரு.

கச்சா எண்ணெயில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று நினைத்து நடப்பீர்கள். எழுநூறைத் தாண்டினால் சில மூச்சில் ஆள் விழுவான்.

டேங்குக்குள் இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில் கையெழுத்து இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் எண்களையும் படியுங்கள். ஆக்சிஜன் 21 சதவீதம். எரியும் வாயு, தீப்பற்றும் கீழெல்லையின் (தீப்பற்றக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவின்) ஒரு சதவீதத்துக்குக் கீழே. நச்சு வாயுக்கள் அவற்றின் வரம்புக்குள். மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் அளந்திருக்க வேண்டும். எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். மேலே மட்டும் அளந்த மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் பாதி உண்மைதான் சொல்லும்.

மீட்டரிலும் ஒரு சூது உண்டு. சாதாரண எரிவாயு மீட்டர் உள்ளே வாயுவை எரித்துப் பார்த்துத்தான் அளக்கும், எரிய ஆக்சிஜன் வேண்டும். டேங்கர்களில் தீப்பிடிக்காமல் இருக்கச் சரக்கு டேங்கில் மந்த வாயு நிரப்பி ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். அந்த டேங்கில் இந்த மீட்டரை விட்டால் ஆவி நிறைய இருந்தும் எண் சரியாக வராது, சுழியம்கூடக் காட்டும். அங்கே வேறு வகை மீட்டர் வேண்டும். எந்த மீட்டர் எதற்கு என்று சீஃப் ஆபீசரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். புது ஆள் கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை.

உள்ளே ஒருவன் விழுந்தால் என்ன செய்வீர்கள்? கிணற்றில் தூர் வாரும்போது ஒருவர் மயங்க, காப்பாற்ற அடுத்தவர் இறங்க, அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்க என்று போவதை நாம் எத்தனை முறை செய்தித்தாளில் படித்திருக்கிறோம். கப்பலிலும் அதே கதைதான். ஓடிப்போய் அபாய மணியை அடியுங்கள். மூச்சுக்கருவி மாட்டிய மீட்புக் குழு வரட்டும். விழுந்தவன் உங்கள் ஊர்க்காரனாக இருந்தாலும், தம்பியாக இருந்தாலும் மூச்சுக்கருவி இல்லாமல் இறங்காதீர்கள். தப்பிக்க வைத்திருக்கும் சின்ன மூச்சுக்கருவி வெளியே ஓடிவர மட்டும், அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும். அதை ஃபோட்டோவுக்கு நிற்கும் வேலையாக நினைக்காதீர்கள்.

9. ரசாயனக் கப்பல் என்றால்

ஒவ்வொரு சரக்குக்கும் பாதுகாப்புத் தாள் வரும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். குறைந்தது மூன்று வரி படியுங்கள்: தோலில் பட்டால் என்ன, கண்ணில் பட்டால் என்ன, எதோடு சேரக் கூடாது. பென்சீன் நறுமணமாக இருக்கும், புற்றுநோய் தரும். மெத்தனால் எரிந்தால் பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. கந்தக அமிலத்தோடு கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் இரும்பை அரித்து ஹைட்ரஜன் கிளம்பும்.

பாமாயில்தானே, சமையல் எண்ணெய்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைவது போல அதுவும் உறையும். அதனால்தான் சுடுகுழாய் வைத்துச் சூடாக்கிக் கொண்டுபோகிறோம். இறக்கிய பிறகு டேங்கில் மிஞ்சும் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுக்கும். துடைக்க இறங்கும் முன் அங்கேயும் மீட்டர்.

10. இறங்கும் முன் வாங்க வேண்டிய ஒரு தாள்

பம்ப்மேனாகவோ ஆபீசராகவோ மேலே போக மேல்நிலை டேங்கர் பயிற்சி தேவைப்படும். எண்ணெய்க்குத் தனி, ரசாயனத்துக்குத் தனி. அதற்கு அடிப்படைச் சான்று வாங்கிய பிறகு டேங்கரில் மூன்று மாதக் கடல்சேவை காட்ட வேண்டும். காட்ட சி.டி.சி. முத்திரையோடு கடல்சேவைக் கடிதமும் கேட்பார்கள். அதில் கப்பல் எண்ணெய் டேங்கரா, ரசாயன டேங்கரா, என்னென்ன சரக்கு ஏற்றியது, ஏறிய தேதி, இறங்கிய தேதி எல்லாம் இருக்க வேண்டும்.

என் முதல் கடிதத்தில் "டேங்கர்" என்று மட்டும் அடித்திருந்தது. எந்த வகை என்று இல்லை. ஊருக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். கப்பல் அதற்குள் பிரேசில் பக்கம் போய்விட்டது, கேப்டனும் மாறிவிட்டார். திருத்திய கடிதம் வர ஏழு வாரம் ஆயிற்று. இப்போதெல்லாம் இறங்குவதற்கு மூன்று நாள் முன்பே கேப்டன் அறைக் கதவைத் தட்டி, அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் பையைக் கட்டுகிறேன்.